ஒரே விலை: சாதா இன்ஜினில் டாப் எண்ட் எடுக்கவா, டர்போவில் இரண்டாவது வேரியன்ட் எடுக்கவா?

மூணாம்கியர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஹேட்ச்பேக் வாங்குவது என்று முடிவாகிவிட்டது, எந்த மாடல் என்பதும் முடிவாகிவிட்டது. பெயரை மட்டும் வேண்டுமென்றே சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கம்பெனி உசத்தியா இந்தக் கம்பெனி உசத்தியா என்று பத்துப் பக்கத்துக்குச் சண்டை ஓடும், என் கேள்வி அப்படியே கிடக்கும்.

வண்டியில் நாலு வேரியன்ட், மேலே போகப் போக வசதியும் விலையும் கூடும். 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ (காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத பெட்ரோல் இன்ஜின் நாலிலும் கிடைக்கிறது. 1.0 லிட்டர் மூணு சிலிண்டர் டர்போ பெட்ரோல் இரண்டாவது வேரியன்ட்டிலிருந்துதான் வருகிறது. இப்போது பாருங்கள், 1.2 டாப் எண்டும் டர்போ இரண்டாவது வேரியன்ட்டும் ஏறக்குறைய ஒரே விலை. அதில் எல்லா வசதியும் இருக்கிறது, இன்ஜின் சாதா. இதில் இன்ஜின் ஜோர், ஆனால் உள்ளே உட்கார்ந்தால் மொட்டையாக இருக்கிறது.

ஓட்டம்: வருஷத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்டாது, அதில் பெரும்பகுதி காலை மாலை நெரிசலில் ஊர்வது. எப்போதாவது அஞ்சு பேரும் ஏறிக்கொண்டு மலைப்பாதை. வீட்டில் அவளுக்கு இடது முழங்கால் வலி, அதனால் ஆட்டோமேட்டிக்தான் வேண்டும், மேலே சொன்ன விலையும் ஆட்டோமேட்டிக்குக்குத்தான். ஏழெட்டு வருஷம் வைத்திருப்பேன். காசுக்கு எது நியாயம்?

ஸ்டெப்னி எழுதியது:

கண்ணை மூடிக்கொண்டு 1.2 டாப் எண்ட். நெரிசலில் ஊரும்போது டர்போ விழித்திருக்கிறதா தூங்குகிறதா என்றே தெரியாது. சீட்டு, ஏசி, ஸ்க்ரீன், கேமரா எல்லாம் தினமும் கைபடுகிற சமாச்சாரம். வருஷத்துக்கு இரண்டு தடவை மலை ஏறுவதற்காக வருஷம் முழுக்க மொட்டை வண்டியில் உட்காருவார்களா?

கணக்குவாத்தியார் எழுதியது:

ஸ்டெப்னி சொல்வதில் பாதிதான் சரி. இன்ஜினின் வித்தியாசம் மலையில் மட்டும் தெரியும் என்பது தப்பு, ஊருக்குள்தான் முதலில் தெரியும்.

இந்த அளவு 1.2 இன்ஜின்கள் சாதாரணமாக 110 நியூட்டன் மீட்டர் சொச்சம் முறுக்குவிசை (சக்கரத்தைத் திருப்பும் பலம்) தரும், அதுவும் 4,000 ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு 4,000 சுற்று தாண்டித்தான் உச்சத்துக்கு வரும். 1.0 டர்போவோ 170 பக்கம் தரும், 1,500 இலிருந்து 1,800க்குள் அது முழுசாகக் கையில் கிடைத்துவிடும். பவர் என்பது முறுக்குவிசையை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் வரும் கிலோவாட். 1,800 ஆர்பிஎம்மில் டர்போ 32 கிலோவாட், அதாவது 44 குதிரைசக்தி தரும். அதே 1,800இல் 1.2 இன்ஜினிடம் 100 நியூட்டன் மீட்டர் இருக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 19 கிலோவாட்தான், 26 குதிரைசக்தி. சிக்னல் விழுந்ததும் கிளம்புவது, பஸ்ஸைத் தாண்டுவது, பாலம் ஏறுவது எல்லாம் இந்த 1,800 ஆர்பிஎம் பக்கத்தில்தான் நடக்கிறது. ப்ரோஷரில் உச்ச பவரைப் பார்த்து 83க்கும் 100க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்பார்கள். உச்ச பவர் 6,000இல் வருவது, அங்கே யார் போகிறார்கள்?

பேட்டரிபாபு எழுதியது:

இந்த வருஷத்தில் போய் 1.2ஆ 1.0ஆ என்று கேட்கிறீர்களே. வருஷம் 10,000, எல்லாம் ஊருக்குள். எலெக்ட்ரிக் வாங்குங்கள், கியரும் இல்லை டர்போவும் இல்லை.

மூணாம்கியர் எழுதியது:

பாபு, அடுக்குமாடியில் என் பார்க்கிங்குக்கு ப்ளக் பாயின்ட் இல்லை, சங்கத்தில் அதைப் பேசி முடிப்பதற்குள் இந்த வண்டி பழசாகிவிடும். அதை விடுவோம்.

வாத்தியாரே, கணக்கு புரிந்தது, பயமாகவும் இருக்கிறது. அப்போ டர்போதானா?

ஆயில்கறை எழுதியது:

கொஞ்சம் பொறுங்கள். இன்ஜினைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், கியர்பாக்ஸ் என்ன என்று யாரும் கேட்கவில்லை. ஆட்டோமேட்டிக் என்று ஒரே வார்த்தையில் சொல்வது நாலு விதமான பெட்டிக்கு. அவர் சொல்கிற ஓட்டத்துக்கு இன்ஜினைவிட அந்தப் பெட்டிதான் முக்கியம். 1.2க்கு எது, டர்போவுக்கு எது?

மூணாம்கியர் எழுதியது:

1.2க்கு சிவிடி. டர்போவுக்கு 7 ஸ்பீட் டூயல் கிளட்ச், டிரை கிளட்ச் என்று சேல்ஸ்மேன் சொன்னார். டூயல் கிளட்ச்தான் லேட்டஸ்ட், ரேஸ் கார் டெக்னாலஜி என்றார்.

ஆயில்கறை எழுதியது:

ரேஸ் கார் நெரிசலில் நிற்பதில்லை தம்பி.

பெட்டிகளை ஒரு தடவை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருகிறவர்களுக்கும் உதவும். ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் பெட்டிதான், கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் ஒரு சின்ன மோட்டார் செய்யும். விலை குறைவு, மைலேஜ் மேனுவல் அளவுக்கே வரும், ஆனால் ஒவ்வொரு கியருக்கும் தலை முன்னே பின்னே ஆடும், ஏற்றத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் ஹில் ஹோல்ட் இல்லாவிட்டால் பின்னால் சறுக்கும். டார்க் கன்வர்ட்டர் என்பது பழைய, நம்பகமான முறை. இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஆயில்தான் விசையைக் கடத்துகிறது, ஊர்ந்தாலும் தேய்வதற்கு அங்கே கிளட்ச் தட்டு கிடையாது. சிவிடியில் பல் சக்கர கியர் மாற்றமே இல்லை, இரண்டு கப்பிகளுக்கு நடுவில் ஒரு உலோக பெல்ட், கப்பியின் அகலம் மாற மாற விகிதம் மாறும். பெரும்பாலான சிவிடியில் கிளம்புவதற்கு டார்க் கன்வர்ட்டரும் கூடவே இருக்கும். ஒன்று மட்டும் குழம்பிக்கொள்ள வேண்டாம், டொயோட்டா 1997இல் ப்ரியஸில் கொண்டுவந்து இன்றுவரை ஹைப்ரிடுகளில் போடும் இ-சிவிடி வேறு. பெயரில்தான் சிவிடி, உள்ளே பெல்ட்டே கிடையாது, கோள் கியர் அமைப்பும் மின் மோட்டார்களும்தான்.

டூயல் கிளட்சில் இரண்டு கிளட்ச், ஒன்று ஒற்றைப்படை கியருக்கு, ஒன்று இரட்டைப்படைக்கு. ஓடும் ரோட்டில் அருமை, கியர் மாறுவதே தெரியாது. ஆனால் டிரை வகையில் கிளட்ச் தட்டுகளைக் குளிர வைக்க ஆயில் இல்லை, காற்றுதான். நடக்கிற வேகத்தில் ஊரும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் வழுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், அந்தச் சூடு போக வழியில்லை. நெரிசலில் ரொம்ப நேரம் ஊர்ந்தால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு வந்து, ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள் என்று வண்டியே கேட்கும். வெட் கிளட்ச் என்றால் ஆயிலில் மூழ்கியிருக்கும், இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். ஆனால் சின்ன இன்ஜின்களுக்குப் பெரும்பாலும் டிரைதான் போடுகிறார்கள், எடையும் செலவும் குறைவு என்பதால்.

ஆக, உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி எந்தப் பெட்டிக்குப் பிடிக்காதோ அந்தப் பெட்டியைத்தான் டர்போவோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். டர்போவும் இதே சிவிடியோடு வந்திருந்தால் என் பதிலே வேறு.

ஸ்டெப்னி எழுதியது:

அதைத்தானே நான் ஒரே வரியில் சொன்னேன்.

கணக்குவாத்தியார் எழுதியது:

நீங்கள் சொன்ன காரணம் வேறு, ஸ்டெப்னி. ஆனால் ஆயில்கறை அண்ணன் சொன்னதில் ஒரு விஷயம் என் கணக்கையும் திருப்பிப் போடுகிறது. நான் 1,800 ஆர்பிஎம்மில் இரண்டையும் ஒப்பிட்டேன், அது மேனுவலுக்குத்தான் பொருந்தும், ஏனென்றால் அங்கே நாம் சோம்பல்பட்டு கியரைக் குறைக்காமல் இழுப்போம். சிவிடி அப்படி இழுக்காது. மிதித்த உடனே அதுவாக 2,900க்குப் போய் நிற்கும், அங்கே 1.2 இன்ஜினும் அதே 44 குதிரைசக்தியைக் கொடுத்துவிடும். சத்தம் மட்டும் கூடுதல். சிவிடி ஊளையிடுகிறது என்று குறை சொல்கிறார்களே, அந்த ஊளை இந்த வேலையின் சத்தம்தான்.

மலைக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டி 1,000 கிலோ, அஞ்சு பேரும் மூட்டையும் சேர்த்து 400 கிலோ. 8 சதவீத ஏற்றத்தில், அதாவது 100 மீட்டர் போனால் 8 மீட்டர் உயரும் பாதையில், மணிக்கு 40 கி.மீ. வேகத்துக்கு ஏறுவதற்கு மட்டும் 12 கிலோவாட். டயர் உராய்வு, காற்று, பெட்டியில் போகும் இழப்பு எல்லாம் சேர்த்து இன்ஜின் தர வேண்டியது 17 கிலோவாட், 23 குதிரைசக்தி. அதே ஏற்றத்தில் 60இல் போக 37 குதிரைசக்தி வேண்டும். 83 குதிரைசக்தி இன்ஜினுக்கு இது முடியாத வேலை இல்லை. உயரம் கூடக் கூடக் காற்று மெலிவதால் டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் பத்தில் ஒரு பங்கு பவரை இழக்கும். 2,000 மீட்டரில் 83 என்பது 66, 67 ஆகும். அப்போதும் போதும். டர்போவுக்கு இந்த இழப்பு பெரும்பாலும் இல்லை, அது காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால். மலை அடிவாரத்திலேயே குடியிருந்து தினமும் ஏறி இறங்குகிறவராக இருந்தால் நான் டர்போ பக்கம்தான் நிற்பேன்.

பழையவண்டி எழுதியது:

ரீசேல் பற்றி யாரும் பேசவில்லையே. நான் பழைய வண்டி வாங்கி விற்கிறவன். டாப் எண்டுக்குப் போட்ட கூடுதல் காசு திரும்பி வராது. ஏழு வருஷம் கழித்து வருகிறவர் பார்ப்பது வருஷம், ஓடிய கிலோமீட்டர், எத்தனை ஓனர், ஆட்டோமேட்டிக்கா, இன்ஜின் சத்தம் எப்படி. டாப் எண்ட் என்றால் முகம் மலரும், விலை மலராது. ஏழு வருஷத்துப் பழைய டச் ஸ்க்ரீன் சில சமயம் விலையைக் குறைக்கவே காரணமாகும், மெதுவாக இருக்கிறது, தொட்டால் கேட்பதில்லை என்று. அதற்காகப் பேஸ் மாடலும் (அடிமட்ட வேரியன்ட்) வேண்டாம், அதை விற்பது இன்னும் கஷ்டம்.

மூணாம்கியர் எழுதியது:

அப்போ 1.2தான் என்று மனசு சாய்கிறது. ஆனால் டாப் எண்டும் வேண்டாம் என்கிறீர்கள். மூணாவது வேரியன்ட்டுக்கும் நாலாவதுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பட்டியலைப் பார்த்தால் சன்ரூஃப், 16 இஞ்ச் அலாய் ரிம், பெரிய ஸ்க்ரீன், லெதர் மாதிரி சீட் கவர், வயர்லெஸ் சார்ஜர், ஆம்பியன்ட் லைட். இரண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவில் எல்ஈடி ஹெட்லைட், பின் வைப்பர், பின் கண்ணாடியில் படியும் மூட்டத்தைப் போக்கும் டீஃபாகர், டிரைவர் சீட் உயரம் மாற்றுவது, பின்சீட் ஏசி துவாரம், பக்கவாட்டு கர்ட்டன் ஏர்பேக்.

பின்சீட்ராணி எழுதியது:

சார், இதை இப்படிப் பாருங்கள். வேரியன்ட் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: இதை நாளைக்கு வெளியில் போட்டுக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் அதற்காக மேலே ஏற வேண்டாம். சீட் கவர், அலாய், சார்ஜர், ரிவர்ஸ் கேமரா, கலர் லைட் எல்லாம் வெளியில் கிடைக்கும், பெரும்பாலும் குறைந்த விலையில்.

முடியாதது என்ன? ஏர்பேக் முதலில். அது சென்சார், வயரிங், சீட் வடிவம், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து ஃபாக்டரியில் அமைவது, வெளியில் போடும் பேச்சே இல்லை. எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இரண்டாவது. வண்டி வழுக்கத் தொடங்கினால் தனித்தனிச் சக்கரத்துக்கு பிரேக் போட்டு நேராக்குவது அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதுக் காருக்கும் கட்டாயம். அது இல்லாத வேரியன்ட் எதுவாக இருந்தாலும் என் பட்டியலில் வராது. பின்னால் நடுவில் உட்காருகிறவருக்கு மூன்று முனை பெல்ட்டும் தலை சாய்வும் இருக்கிறதா என்று போய்த் தொட்டுப் பாருங்கள். அஞ்சு பேர் போவோம் என்கிறீர்கள், அந்த அஞ்சாவது ஆள் நானாகத்தான் இருப்பேன் எங்கள் வீட்டில், இடுப்பு பெல்ட் மட்டும் கட்டிக்கொண்டு மலை இறங்கின அனுபவம் போதும். க்ராஷ் டெஸ்ட் நட்சத்திரத்தையும் வேரியன்ட்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும். சோதித்த வண்டியில் எத்தனை ஏர்பேக் இருந்தது, நாம் வாங்கும் வேரியன்ட்டில் எத்தனை என்று. நட்சத்திரம் மாடலுக்கு என்று விளம்பரத்தில் போடுவார்கள், கூடுதல் ஏர்பேக் மேல் வேரியன்ட்டில் மட்டும் இருக்கும்.

ஹெட்லைட்டைப் பலரும் வெளியில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். ஹாலஜன் பல்புக்கென்று செய்த ரிஃப்ளெக்டர், அந்த இழை இருக்கும் துல்லியமான இடத்தை வைத்து வெளிச்சத்தை வளைக்கும்படி வடிவமைத்தது. அதில் எல்ஈடி பல்பைச் செருகினால் வெளிச்சம் கண்டபடி சிதறி எதிரே வருகிறவர் கண்ணைக் கூசும், நமக்கும் ரோடு சரியாகத் தெரியாது. அதனால் நல்ல ஹெட்லைட் ஃபாக்டரியிலேயே வர வேண்டும். இடித்தால் முழு யூனிட்டையும் மாற்ற வேண்டிய செலவு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பின் வைப்பரும் டீஃபாகரும் செடானுக்கு எப்படியோ, ஹேட்ச்பேக்குக்கு அத்தியாவசியம். பின்பக்கம் செங்குத்தாக முடிவதால் வண்டிக்குப் பின்னால் காற்று சுழன்று, சக்கரம் கிளப்பும் சேற்றுத் தண்ணீரை எல்லாம் பின் கண்ணாடியில் கொண்டுவந்து அப்பும். மழையில் கொஞ்ச தூரம் போனால் பின்னால் ஒன்றும் தெரியாது. டீஃபாகர் கம்பிகள் கண்ணாடியிலேயே அச்சடித்தவை, பின்னால் போட முடியாது.

டிரைவர் சீட் உயரம்: உங்கள் வீட்டில் இரண்டு பேர் ஓட்டுவீர்கள் என்று புரிகிறது. உயரத்தில் வித்தியாசம் இருந்தால் இது சொகுசு இல்லை, பானெட் முனை தெரிவதும் முழங்கால் மடங்கும் கோணமும் இதில்தான் இருக்கிறது. அக்காவின் கால் வலிக்கு இதையும் சேர்த்துப் பாருங்கள், ஆட்டோமேட்டிக் மட்டும் போதாது.

உங்கள் பட்டியலைப் பார்த்தால் வெளியில் போட முடியாதது எல்லாம் இரண்டுக்கும் மூணுக்கும் நடுவில் இருக்கிறது. மூணுக்கும் நாலுக்கும் நடுவில் சன்ரூஃப் தவிர எல்லாம் அலங்காரம்.

வானம்பார்த்தவன் எழுதியது:

சன்ரூஃபை மட்டும் அலங்காரம் என்று சொல்லாமல் விட்டீர்களே, நன்றி. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சன்ரூஃப் இல்லாத காரைக் காட்டிப் பாருங்கள், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

பின்சீட்ராணி எழுதியது:

வெளியில் போட முடியாது என்பதால் தவிர என்றேன். வேண்டும் என்று சொல்லவில்லை.

ஆயில்கறை எழுதியது:

சன்ரூஃப் சட்டத்தின் மூலைகளில் தண்ணீர் வடிய மெல்லிய குழாய்கள் இருக்கும், தூண்களுக்குள் இறங்கி அடியில் வெளியேறும். மரத்தடியில் நிறுத்துகிற வண்டியில் இலையும் தூசியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கால் வைக்கும் இடத்தில் வந்து தேங்கும், கார்ப்பெட்டுக்கு அடியில் வயரிங் நனையும். வருஷம் ஒரு தடவை சுத்தம் செய்தால் பிரச்சினை இல்லை. யாரும் செய்வதில்லை. ஹேட்ச்பேக்கில் தலைக்கு மேல் இருக்கும் இடமும் கொஞ்சம் குறையும், உயரமானவர்கள் சன்ரூஃப் உள்ள வண்டியிலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

டயர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூணாவது வேரியன்ட்டில் 185/65 ஆர்15, டாப்பில் 195/55 ஆர்16 என்று நினைக்கிறேன், இந்த அளவு வண்டிகளில் அதுதான் வழக்கம். இரண்டின் மொத்த விட்டமும் கிட்டத்தட்ட ஒன்றே, 621 மில்லிமீட்டர் பக்கம். ரிம் பெரிசானால் ரப்பர் குறையும். பக்கவாட்டு ரப்பர் 15இல் 120 மி.மீ., 16இல் 107. பள்ளத்தில் விழும்போது அந்த 13 மி.மீ. தெரியும். ஸ்டீல் ரிம் நெளிந்தால் பெரும்பாலும் தட்டி எடுத்துவிடலாம், அலாய் வெடித்தால் மாற்றுவதுதான் நல்லது. வளைவில் பிடிப்பு, ஸ்டீரிங் துல்லியம் இதெல்லாம் 16இல் கொஞ்சம் மேல், அதை மறுக்கவில்லை. ஆனால் நெரிசலில் ஊர்கிறவருக்கு எதற்கு? டாப்பில் ஸ்டெப்னி சின்ன சைஸா, அல்லது பங்க்சர் கிட் மட்டுமா என்றும் பாருங்கள். மெல்லிய தற்காலிக ஸ்டெப்னி என்றால் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக் கூடாது.

ஸ்டெப்னி எழுதியது:

என் பெயரை இழுக்காமல் பேச முடியாதா அண்ணே.

பின்னால் டிரம் பிரேக்தான் என்று ஒருவர் எனக்குத் தனியாகச் சொல்லிப் பயமுறுத்தினார், டாப்பில் மட்டும் டிஸ்காம். அது காரணமாகுமா?

ஆயில்கறை எழுதியது:

ஆகாது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் வேலையின் பெரும்பகுதி முன் டிஸ்க்குகளுக்குத்தான். ஒரு டன் எடை வண்டிக்குப் பின் டிரம் தாராளம், அழுக்கும் தண்ணீரும் உள்ளே போவது குறைவு, லைனிங்கும் ரொம்ப காலம் வரும்.

மூணாம்கியர் எழுதியது:

மைலேஜில் எது மேல்? அதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், நான் கடைசியில் கேட்கிறேன்.

கணக்குவாத்தியார் எழுதியது:

நீங்கள் கடைசியில் கேட்பதே சரி. ஊருக்குள் ஒன்று லிட்டருக்கு 14, இன்னொன்று 15 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 10,000 கி.மீ. ஓட்டினால் 714 லிட்டரும் 667 லிட்டரும். வித்தியாசம் 47 லிட்டர். எட்டு வருஷத்துக்கும் சேர்த்து 400 லிட்டர்கூட வராது. மைலேஜுக்காக மேல் இன்ஜினுக்கோ வேறு எதற்கோ கூடுதலாகக் கேட்கும் தொகையை லிட்டராக மாற்றிப் பாருங்கள், 400 லிட்டரின் விலையைத் தாண்டினால் மைலேஜ் காரணத்தை மறந்துவிடலாம்.

இன்னொரு கண்கட்டு இதில் இருக்கிறது. லிட்டருக்கு 10 தரும் வண்டியை விட்டு 12 தரும் வண்டிக்குப் போனால் 10,000 கிலோமீட்டரில் 167 லிட்டர் மிச்சம். 20 தருவதை விட்டு 24க்குப் போனால் நாலு கூடியதாகத் தெரியும், மிச்சம் 83 லிட்டர்தான். மைலேஜ் எண் பெரிசாகப் பெரிசாக ஒவ்வொரு கிலோமீட்டரும் மிச்சப்படுத்துவது குறைந்துகொண்டே போகும். ப்ரோஷரில் உள்ள எண் சோதனைச்சாலை எண், ஏசியோடு நெரிசலில் அது வராது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. டர்போவிடம் ஒரு குணம், மெதுவாக மிதித்தால் சிக்கனம், ஆசைப்பட்டு மிதித்தால் சட்டென்று இறங்கிவிடும். அந்த ஆசை வரத்தான் டர்போ வாங்குகிறோம்.

ஆயில்கறை எழுதியது:

நீண்ட கால விஷயம் ஒன்று. டர்போவை வில்லனாக்க வேண்டாம், ஆனால் அது பராமரிப்பில் கறாரானது. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின்களில் உள்ளிழுக்கும் வால்வைப் பெட்ரோல் கழுவாது, கரி படியும். சின்ன டர்போவில் குறைந்த ஆர்பிஎம்மில் முழு மிதி மிதித்தால் நேரத்துக்கு முன்பே கலவை வெடிக்கும் ஆபத்தும் உண்டு. 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி ஆயில் தரத்தில் இதற்கென்றே சோதனை இருக்கிறது, ஆயில் டப்பாவில் அந்த எழுத்து பார்த்து வாங்க வேண்டும்.

இன்னொன்று டைமிங் பெல்ட், இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பெல்ட். ஃபோர்டின் 1.0 எக்கோபூஸ்ட் 2012, 2013, 2014 மூன்று வருஷமும் தொடர்ந்து சர்வதேச சிறந்த இன்ஜின் விருது வாங்கியது. அதன் ஆரம்ப வகைகளில் டைமிங் பெல்ட் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஓடும். பியூஜோ, சிட்ரோயன் வண்டிகளில் வந்த 1.2 ப்யூர்டெக்கும் அப்படித்தான். தவறான ஆயில், தள்ளிப்போட்ட சர்வீஸ், பெட்ரோல் கலந்த ஆயில் இவற்றால் பெல்ட் உரிந்து, அந்தத் துணுக்குகள் ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைக்கும். ஆயில் அழுத்தம் போனால் இன்ஜின் போச்சு. ப்யூர்டெக்குக்கு 2024இல் ஐரோப்பாவில் வாரன்டியை 10 வருஷம், 1,75,000 கி.மீ. வரை நீட்டினார்கள். விருது பார்த்து இன்ஜின் வாங்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் இரண்டு இன்ஜினிலும் செயினா, வெளி பெல்ட்டா, ஆயிலுக்குள் ஓடும் பெல்ட்டா என்று ஷோரூமில் கேளுங்கள், சேல்ஸ்மேனிடம் இல்லை, சர்வீஸ் பக்கம் போய்க் கேளுங்கள்.

1.2க்கும் சலுகை இல்லை. உங்களுடையது குறைந்த தூரம், நெரிசல், அடிக்கடி நின்று கிளம்புவது. ஓனர் மேனுவலில் இதற்குக் கடினப் பயன்பாடு என்று தனி அட்டவணை இருக்கும், அதில் ஆயில் மாற்றும் இடைவெளி குறைவாகப் போட்டிருப்பார்கள். சிவிடி ஆயில் ஆயுளுக்கும் போதும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள், 40,000 இலிருந்து 60,000 கிலோமீட்டருக்குள் அந்தக் கம்பெனி சொல்லும் ஆயிலையே போட்டு மாற்றுங்கள்.

மூணாம்கியர் எழுதியது:

இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். ஷோரூம்காரர் வழக்கமாகக் காலியான ரோட்டில் ஒரு சுற்று விடுவார், நான் பிடிவாதமாகச் சாயங்கால நெரிசலில் கேட்டு வாங்கினேன், வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, ஏசியை முழுசாக வைத்து. டர்போ ரோடு கிடைத்ததும் பறந்தது, அதில் சந்தேகமே இல்லை, மனசு கேட்கவில்லை. ஆனால் ஊரும்போது ஒன்றாம் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவில் தயங்கித் தயங்கிக் குலுங்கியது, பார்க்கிங் சரிவில் ஏற்றும்போது இன்னும் மோசம். சிவிடி மிதித்தால் சத்தம் போட்டது, ஆனால் நெரிசலில் வெண்ணெய். அவளும் ஓட்டிப் பார்த்தாள், சீட்டை உயர்த்தி உட்கார்ந்ததும் அவள் முகத்திலேயே பதில் தெரிந்தது. பாலத்தின் ஏற்றத்தில் அஞ்சு பேரோடு மூச்சு வாங்கும் என்று பயந்தேன், வாத்தியார் சொன்ன மாதிரி கத்திக்கொண்டே ஏறிவிட்டது.

1.2 சிவிடி, மூணாவது வேரியன்ட் புக் செய்தாயிற்று. டாப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தில் நீட்டிக்கப்பட்ட வாரன்டி எடுத்தேன். மீதியில் சீட் கவரும் கேமராவும் வெளியில் போட்டுக்கொள்ளப் போகிறேன். மகன் இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை, சன்ரூஃப் இல்லை என்று.

பழையவண்டி எழுதியது:

வண்டி எடுக்கும் முன் தயாரிப்பு மாதத்தையும் டயரில் உள்ள நாலு இலக்க எண்ணையும் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருஷம். கேமரா போடுகிறவன் வயரை வெட்டி ஒட்டினால் வாரன்டிக்கு வம்பு, வயரை வெட்டாமல் செருகும் கப்ளர் வைத்துப் போடச் சொல்லுங்கள்.

ஹைவேராஜா எழுதியது:

முழு இழையும் படித்தேன், நானும் அதே மாடல்தான் பார்க்கிறேன். அப்போ நானும் 1.2 சிவிடி மூணாவதே எடுத்துவிடலாமா? வருஷத்துக்கு 25,000 ஓடும், முக்கால்வாசி நெடுஞ்சாலை, பெரும்பாலும் நான் ஒருத்தன்தான், மேனுவல் ஓட்டுவதில் எனக்குக் கஷ்டம் இல்லை.

ஆயில்கறை எழுதியது:

வேண்டாம் சார். நீங்கள் டர்போ மேனுவல் எடுங்கள். 100இல் போகும்போது முந்திச் செல்ல அந்த 170 நியூட்டன் மீட்டர் உங்களுக்குத்தான் தேவை, மேனுவல் என்பதால் டூயல் கிளட்ச் தொல்லையும் இல்லை, விலையும் இறங்கும். வேரியன்ட் விஷயத்தில் மட்டும் ராணியம்மா சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள், மூணாவதுக்குக் கீழே போக வேண்டாம், இரவு ஓட்டத்துக்கு அந்த ஹெட்லைட் வேண்டும். டைமிங் பெல்ட் கேள்வியை நீங்கள் இரண்டு தடவை கேளுங்கள்.